தேர்வாகாத படத்துக்கு ஒரு வரி காரணம் சொல்லுங்கள்

மதிப்பிற்குரிய புகைப்படப் போட்டி ஏற்பாட்டாளர்களுக்கும் நடுவர்களுக்கும் வணக்கம்.

இந்த வருட முடிவு வந்து சேர்ந்தது. "தங்கள் படங்கள் தேர்வாகவில்லை. பங்கேற்றமைக்கு நன்றி." போன வருடம் வந்ததும் இதே இரண்டு வாக்கியங்கள்தான், அதற்கு முந்தின வருடமும் இதேதான். மூன்று வருடமாக வருடத்துக்கு நாலு படம் அனுப்பியிருக்கிறேன். மொத்தம் 12. பரிசு கிடைக்காத வருத்தத்தில் எழுதுகிறேன் என்று நினைத்துவிடாதீர்கள். ஏன் கிடைக்கவில்லை என்பதை ஒருவரும் சொல்லவில்லை, அந்த வருத்தத்தில் எழுதுகிறேன்.

பரிசளிப்பு விழாவுக்குக் கடலூரிலிருந்து பஸ் ஏறி வந்திருந்தேன். கூட்டம் கலைந்த பிறகு உங்களில் ஒருவரிடம் என் படத்தை நீட்டி, "ஐயா, இதில் என்ன குறை?" என்று கேட்டேன். ஃபோனிலிருந்து கண்ணை எடுக்காமல், "படம் பேசணும் தம்பி" என்றார். அப்புறம் காரில் ஏறிப் போய்விட்டார். திரும்பி வரும் வழியெல்லாம் அதையே நினைத்துக்கொண்டு வந்தேன். எப்படிப் பேச வைப்பது என்றுதானே ஐயா கேட்டேன்?

அந்தப் படம் உங்களுக்கு நினைவிருக்காது, சொல்கிறேன். 61 நாள் மீன்பிடித் தடைக்காலம் முடிந்து, ஜூன் 14-க்குப் பிறகு கடலுக்குப் போன விசைப்படகுகள் முதன்முதலாகத் திரும்பிய காலை. கடலூர் முதுநகர் துறைமுகத்தில் ஐந்து மணிக்கே போய் நின்றேன். ஒரு பக்கம் ஐஸ் பெட்டி இறங்குகிறது, இன்னொரு பக்கம் ஏலம் நடக்கிறது. மீன் வாங்க வந்த அம்மா ஒருவர், கூடையை இடுப்பில் அணைத்தபடி, ஒரு நண்டைக் காலைப் பிடித்துத் தூக்கி வெளிச்சத்தில் பார்க்கிறார். சதை கனமா, வெறும் கூடா என்று பார்க்கிற பார்வை அது. நண்டிலிருந்து ஒரு சொட்டுத் தண்ணீர் விழுகிறது. அந்தச் சொட்டு அந்தரத்தில் நிற்கிற மாதிரி படத்தில் விழுந்திருந்தது. ஷட்டர் திறந்திருந்தது நொடியில் 500-ல் ஒரு பங்கு நேரம். 60-ல் ஒரு பங்கில் வைத்து, ஆட்டம் கண்ட படங்களாக எடுத்து எடுத்து, நானாகத் தட்டுத்தடுமாறிக் கற்றுக்கொண்ட ஒன்று அது. அந்த அம்மாவுக்கு ஒரு பிரிண்ட் போட்டுக் கொடுத்தேன். வீட்டில் சாமி படத்துக்குப் பக்கத்தில் மாட்டியிருக்கிறார்.

விழா முடிந்த மறுநாள் அதே படத்தை மஞ்சக்குப்பத்தில் ஸ்டூடியோ வைத்திருக்கும் ஒரு பெரியவரிடம் காட்டினேன். கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிவிட்டுப் பார்த்தார். "அந்தம்மா தலையில கம்பம் முளைச்சிருக்கு பாரு. படகோட கம்பம். நீ ஓரடி இடது பக்கம் நகர்ந்திருந்தா அது விலகியிருக்கும், தலைக்குப் பின்னாடி வெறும் வானம் இருந்திருக்கும். வலது ஓரத்துல பாதி ஐஸ் பெட்டி நிக்குது. கண்ணு நண்டுக்குப் போகாம அங்க ஓடுது." இரண்டு நிமிடம்கூட ஆகவில்லை.

வீட்டுக்கு வந்து 12 படங்களையும் தரையில் பரப்பிப் பார்த்தேன். ஏழு படத்தில் அதே தவறு. புதுச்சேரி மஞ்சள் சுவர்த் தெருவில் நடக்கும் தாத்தாவின் தலையில் விளக்குக் கம்பம். தேவனாம்பட்டினம் கடற்கரையில் ஓடும் பையனின் கழுத்தை அறுத்துக்கொண்டு போகும் தொடுவானக் கோடு. மூன்று வருடமாக ஒரே தவறைச் செய்து, ஒவ்வொரு வருடமும் அதற்குக் கட்டணம் கட்டி அனுப்பியிருக்கிறேன். முதல் வருடமே "பின்னணியைக் கவனிக்கவும்" என்று இரண்டே சொல் எழுதியிருந்தால், அந்த நண்டுப் படத்தில் கம்பம் இருந்திருக்காது. அந்தக் காலை எனக்குத் திரும்ப வராது.

ஆகவே கேட்கிறேன்: தேர்வாகாத ஒவ்வொரு படத்துக்கும் ஒரு வரி காரணம் எழுதி அனுப்புங்கள்.

நூற்றுக்கணக்கில் படம் வருகிறது, நேரமில்லை என்பீர்கள். ஒரு படத்தை ஒதுக்கும்போது உங்கள் மனதில் ஒரு காரணம் ஓடியிருக்குமே, அதைத்தான் எழுதச் சொல்கிறேன். வெளிச்சம், பின்னணி, ஃபோகஸ், கோணம், தருணம் என்று அச்சடித்த சீட்டில் ஒரு டிக் அடித்தாலும் போதும். அதுவும் முடியாதென்றால், ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை எங்களை வரச்சொல்லி, பிரிண்ட்களை மேசையில் போட்டுப் பேசுங்கள். சாப்பாடு, சான்றிதழ் எதுவும் வேண்டாம்.

இதை உங்களிடம் கேட்கக் காரணம் இருக்கிறது. யூடியூபில் வெளிநாட்டுக்காரர்கள் சொல்வது நம் ஊருக்கு அப்படியே பொருந்துவதில்லை. நிலநடுக்கோட்டிலிருந்து நாம் 12 டிகிரி தூரத்தில்தான் இருக்கிறோம். இங்கே சூரியன் அதிகம் சாய்ந்து ஏறாது, கிட்டத்தட்டச் செங்குத்தாகத்தான் ஏறும். ஆறு மணிக்கு உதித்தால் ஆறரை வரைக்கும்தான் அந்த மஞ்சள் வெளிச்சம், ஏழு மணிக்கெல்லாம் கண்ணைக் கூசும். கறுத்த முகம், வெள்ளை வேட்டி, பின்னால் மின்னும் கடல் என்றால் கேமராவில் வெளிச்சத்தை அளக்கும் மீட்டர் ஏமாந்து முகத்தை இருட்டாக்கிவிடும். முகத்துக்காக ஒளியைக் கூட்டினால் வேட்டி வெளுத்துப்போகும். இந்தக் கரையிலேயே முப்பது வருடம் படம் எடுத்த நீங்கள்தானே இதற்கு வழி சொல்ல முடியும்?

இன்னொன்றையும் சொல்லிவிடுகிறேன். பரிசு வாங்கும் படங்களைப் பார்த்துத்தான் புதிதாக வருகிற பையன்கள் கற்றுக்கொள்கிறார்கள். வருடா வருடம் சுருக்கம் விழுந்த முகம், காகிதப்பூ தொங்கும் மஞ்சள் சுவர், நிறத்தைக் கூட்டிக் கூட்டி ரத்தமாகிவிட்ட வானம், இவைதான் ஜெயிக்கின்றன. விளைவு என்ன? கரையில் வலை வீசுகிறவரை, "அண்ணே, இன்னொரு தடவை வீசுங்க" என்று ஆறு கேமராக்கள் சூழ்ந்து நிற்கின்றன. அவர் மீன் பிடிக்க வந்த மனிதர். தெருவோரம் தூங்குகிறவரைக் கேட்காமல் எடுக்கிறார்கள். இதெல்லாம் தப்பு என்று உங்களைப் போன்றவர்கள் சொல்லாமல் வேறு யார் சொல்வார்கள்? பரிசு பெற்ற படத்துக்கும் காரணம் எழுதுங்கள். எழுத வேண்டும் என்று வந்தால், எழுதும்போதே உங்களுக்கும் சில படங்கள் வேறு மாதிரி தெரியும்.

கோபத்தில் கொஞ்சம் தள்ளிப் போய்விட்டேன், பொறுத்துக்கொள்ளுங்கள். உங்கள் மீது மரியாதை இல்லாமல் எழுதவில்லை. 1950 ஏப்ரலில் பிரெஞ்சுப் புகைப்படக் கலைஞர் ஆன்றி கார்த்தியே பிரெஸ்ஸோன் புதுச்சேரிக்கு வந்து ஸ்ரீ அரவிந்தரைப் படம் எடுத்ததை விழா மேடையில் சொன்னீர்கள். கேட்கும்போது எனக்குச் சிலிர்த்தது. அந்த ஊரில், அந்த ஊருக்கு 22 கிலோமீட்டர் தள்ளி இருக்கும் எங்கள் ஊரில், இன்று கேமரா பிடிக்கிறவர்களுக்கு ஒரு வரி சொல்லிக்கொடுக்க ஆள் இருக்க வேண்டும் என்று ஆசைப்படுகிறேன்.

இந்த வருடம் நான் அனுப்பிய நாலு படங்களின் சிறிய பிரிண்ட்களைத் தபாலில் அனுப்பியிருக்கிறேன். ஒவ்வொன்றின் பின்புறமும் வெறுமையாக இருக்கிறது. பென்சிலால் ஆளுக்கு ஒரு வரி எழுதினால் போதும். என் முகவரி எழுதி, தபால் தலை ஒட்டிய உறையும் உள்ளே இருக்கிறது. தயவுசெய்து எழுதி அனுப்புங்கள்.

இப்படிக்கு,
கடலூர் முதுநகரிலிருந்து மூன்று வருடமாகப் படம் அனுப்பும் ஒரு போட்டியாளன்