இறந்தவளுக்கும் ஒரு பக்கம் கொடு

அன்பு மகளுக்கு,

கருக்கலைப்புச் செய்ததற்காகப் பிரான்ஸில் தலை வெட்டப்பட்ட மரி-லூயீஸ் ஜிரோவின் வழக்கைப் பற்றி நீ எழுதும் கட்டுரையின் முதல் பகுதியைப் படித்தேன். நன்றாக வந்திருக்கிறது. ஆனால் அவளைத் தியாகி என்று சொல்லி முடித்திருக்கிறாயே, அந்த இடம் எனக்கு உறுத்துகிறது. போனில் சொன்னால் குறுக்கே பேசுவாய், அதனால்தான் எழுதுகிறேன்.

அந்த அரசு செய்தது கொடுமை. அதில் நமக்குள் சண்டையே இல்லை. 1942 பிப்ரவரியில், ஜெர்மனியிடம் பிரான்ஸ் தோற்றபின் அமைந்த விஷி அரசு கருக்கலைப்பை நாட்டின் பாதுகாப்புக்கு எதிரான குற்றமாக்கியது. பத்து லட்சத்துக்கும் மேற்பட்ட பிரெஞ்சு ஆண்கள் போர்க் கைதிகளாக ஜெர்மானியர் பிடியில் கிடக்கிறார்கள். அவர்களை மீட்க வக்கில்லாத அரசு, குடும்பத்தைக் காப்பாற்றுகிறேன் என்று செர்பூர் என்ற துறைமுக ஊரில் துணி வெளுத்துப் பிழைத்த மரி-லூயீஸைப் பிடித்தது. 27 பெண்களுக்குக் கருவைக் கலைத்தாள் என்று தனித் தீர்ப்பாயத்தில் நிறுத்தினார்கள். கருணை காட்ட அந்த அரசின் தலைவர் மார்ஷல் பெத்தான் மறுத்துவிட்டார். 1943 ஜூலை 30, பாரிஸ் ரொக்கெத் சிறை முற்றத்தில் கில்லட்டின். அவளுக்கு வயது 39.

சரி, அந்த இருபத்தேழு பேரில் ஒருத்தி செத்துப்போனாளே? உன் கட்டுரையில் அவளுக்கு அரை வரிதான் கிடைத்திருக்கிறது. 1942 ஜனவரியில், அந்தக் கொடுஞ்சட்டம் வருவதற்கு முந்தின மாதமே, ரத்தத்தில் கிருமி ஏறி இறந்தாள்.

பிரசவ வார்டில் வேலை பார்த்தவள் என்பதால் சொல்கிறேன், அது எப்படிப்பட்ட சாவு என்று உனக்குத் தெரிய வேண்டும். அன்றைக்குச் சோப்புத் தண்ணீரைக் குழாய் வழியாகக் கருப்பைக்குள் ஏற்றுவார்கள். குழாயோடு கிருமியும் உள்ளே போகும். நஞ்சுக்கொடி பிரிந்த இடம் பச்சைப் புண்ணாக இருக்கும், கிருமிக்கு அதைவிட வசதியான வாசல் கிடையாது. ஒன்றிரண்டு நாளில் குளிரும் காய்ச்சலும் தூக்கிப் போடும், அடிவயிற்றைத் தொடவிட மாட்டார்கள், அப்புறம் நாடி தளர்ந்துகொண்டே போகும். பெனிசிலின் இன்னும் மக்கள் கைக்கு வரவில்லை. சல்ஃபா மருந்து இருந்தது. ஆனால் ஆஸ்பத்திரிக்குப் போனால், யார் செய்தது என்று கேட்பார்களே! 1810-லிருந்தே அங்கே கருக்கலைப்பு குற்றம்தான். அந்தப் பயத்தில் வீட்டிலேயே படுத்துக் கிடந்தவர்கள் எத்தனையோ பேர்.

அந்தப் பெண்ணைச் சாவின் வாசல்வரை தள்ளியது சட்டம். உள்ளே குழாயைச் செலுத்திய கை மரி-லூயீஸுடையது, காசு வாங்கிக்கொண்டு செய்தாள். இரண்டையும் நீ எழுத வேண்டும். அவள் தலையை வெட்டியது அநியாயம் என்பது இதனால் ஒரு துளியும் குறையாது. அரசுக்கு வேண்டியிருந்தது கலைந்த கருக்களின் கணக்கு. நீயும் செத்தவளைத் தாண்டிப் போய்விட்டால் அவளுக்காகப் பேச யார் இருக்கிறார்கள்?

கருவைக் கலைத்த சிறுமி மீது 1972-ல் நடந்த பொபினி வழக்கு, அதில் வாதாடிய ஜிசேல் அலிமி, கருக்கலைப்பை அனுமதித்து 1975-ல் அமைச்சர் சிமோன் வேய் கொண்டுவந்த சட்டம், அந்தச் சுதந்திரத்தைச் சேர்த்து 2024-ல் வந்த அரசியல் சாசனத் திருத்தம் எல்லாம் உனக்கு மனப்பாடம், நான் சொல்ல வேண்டாம். வேய் சட்டத்துக்குப் பிறகு டாக்டர் கையில், சுத்தமான கருவியோடு நடந்ததால்தான் இந்த மாதிரிச் சாவுகள் அங்கே அநேகமாக நின்றுபோயின. இதைக் கட்டாயம் சேர்.

வழக்குக் கட்டைப் பார்க்க உனக்கு அனுமதி கிடைத்தால், அவள் எத்தனை நாள் காய்ச்சலில் கிடந்தாள், டாக்டர் யாராவது வந்தாரா, பிள்ளைகள் இருந்தார்களா என்று தேடு. பெயரைப் போடாதே, அவள் வீட்டார் இன்னும் இருக்கலாம். திருத்தி எழுதியதும் எனக்கு அனுப்பு.

அம்மா