ஏட்டையா வீட்டிலிருந்து ஒரு நன்றி மடல்

அன்புடையீர், வணக்கம்.

இரவு வாகனத் தணிக்கையில் நிற்காமல் போன டிப்பர் மோதி எங்கள் அப்பா இறந்து ஓராண்டு ஆகிறது. எங்கள் பங்குக் கோயிலில் நடந்த நினைவுத் திருப்பலிக்கு வந்தவர்களுக்கும், வர முடியாமல் போனில் கூப்பிட்டவர்களுக்கும் நன்றி. வீடு வீடாக வந்து சொல்ல வேண்டும் என்பதுதான் அம்மாவின் ஆசை. முட்டுவலி விடவில்லை. அதனால் நான் எழுதுகிறேன்.

அன்று இரவு வண்டி நம்பரைக் குறித்துக் கொடுத்தவருக்குத்தான் முதல் நன்றி. அவர் பெயர், ஊர், தொழில் எதையும் எழுத மாட்டேன். சாட்சி சொல்லப் போனால் பிழைப்பு கெடும், பகை வரும், கோர்ட்டுக்கும் வீட்டுக்கும் அலைய வேண்டும் என்பது நம் ஊரில் சின்னப் பிள்ளைக்கும் தெரியும். தெரிந்துதான் வந்தார். குற்றவியல் நடுவர் முன்னால் வாக்குமூலம் கொடுத்துவிட்டு, எங்களைப் பார்க்காமலே பஸ் ஏறிப் போய்விட்டார். வழக்கு நடப்பதால் இதற்கு மேல் எழுதக்கூடாது என்று வக்கீல் சொல்லியிருக்கிறார்.

அப்பாவை ஆசாரிப்பள்ளம் மருத்துவக் கல்லூரிக்குக் கொண்டுபோன ஆட்டோ அண்ணனுக்கும், ஓ நெகட்டிவ் ரத்தம் வேண்டும் என்று வாட்ஸ்அப்பில் பார்த்துவிட்டுக் குளச்சல் பக்கத்திலிருந்து பைக்கில் வந்த கடற்கரைப் பிள்ளைகளுக்கும் நன்றி. மறுநாள் கடலுக்குப் போக வேண்டியவர்கள், விடியும்வரை வராந்தாவில் உட்கார்ந்திருந்தார்கள்.

2020 ஜனவரி 8 இரவு களியக்காவிளை சோதனைச் சாவடியில் சிறப்பு உதவி ஆய்வாளர் வில்சன் அவர்களைச் சுட்டுக் கொன்றபோது அம்மா பயந்துபோய், நைட் டியூட்டியை மாற்றிக் கேளுங்கள் என்று அப்பாவிடம் அழுதார். "நான் மாத்திக்கிட்டா அங்க இன்னொருத்தன் நிக்கணும்லா" என்றார் அப்பா. அந்தப் பேச்சு அதோடு முடிந்தது. அம்மாவுக்கு இன்றைக்கும் அதில் கோபம் உண்டு.

அரசு மரியாதையை எல்லோரும் பார்த்தீர்கள். அப்புறம் வந்த காகித வேலையைப் பார்த்தவர் ஸ்டேஷன் ரைட்டர் அண்ணன் ஒருவர்தான். இறப்புச் சான்று, வாரிசுச் சான்று, குடும்ப ஓய்வூதியப் படிவம் என்று ஒவ்வொன்றுக்கும் ஒரு பை வைத்துக்கொண்டு அலைந்தார். ஓர் அலுவலகத்தில் அம்மாவைத் திரும்பத் திரும்ப நாளைக்கு வரச் சொன்னபோது, லீவு போட்டு வந்து அம்மாவின் பக்கத்தில் உட்கார்ந்தார். சத்தம் போடவில்லை, சும்மா உட்கார்ந்திருந்தார். மதியத்துக்குள் கையெழுத்து ஆகிவிட்டது. கருணை அடிப்படையிலான வேலைக்கு 3 ஆண்டுக்குள் மனு கொடுக்க வேண்டும் என்பதையும் அவர்தான் சொன்னார். துக்கத்தில் இருக்கும் வீடுகளுக்கு இதை யாராவது முதலிலேயே சொல்லிவிட்டால் நல்லது.

தேய்ப்புக் கடைத் தாத்தா அப்பாவின் காக்கி இரண்டு ஜோடியைக் கஞ்சி போட்டுத் தேய்த்து, பித்தளைப் பொத்தான்களையும் துடைத்துக் கொண்டுவந்து தந்தார். கூலி வாங்கவில்லை. பழைய பாக்கி இருக்கிறதா என்று கேட்டதற்கு, "ஏட்டையா பாக்கி வைப்பாரா?" என்று என்னையே திட்டினார்.

1959 அக்டோபர் 21 அன்று லடாக்கின் ஹாட் ஸ்பிரிங்ஸில் சீனப் படை சுட்டதில் மத்திய ரிசர்வ் போலீசார் 10 பேர் இறந்தார்கள். அந்தத் தேதியில்தான் நாடு முழுக்கக் காவலர் வீரவணக்க நாள் வருகிறது. நாகர்கோவில் ஆயுதப்படை மைதானத்தில் அப்பா வருஷா வருஷம் பாதுகாப்புக்கு நிற்பார். போன அக்டோபரில் எங்களுக்கு நாற்காலி போட்டிருந்தார்கள். முந்தின நாளே வீட்டுக்கு போன் செய்து, அங்கே வாசிக்கும் இறந்தவர் பட்டியலுக்காக அப்பாவின் இனிஷியலையும் ஊர்ப் பெயரையும் எழுத்துக் கூட்டிச் சரிபார்த்த பெண் காவலருக்கு நன்றி. சின்ன வேலைதான். ஆனால் பெயர் தப்பாக வாசிக்கப்பட்டிருந்தால் அம்மா அங்கேயே எழுந்திருப்பார்.

விபத்து நடந்த வளைவில் ஒளிரும் தடுப்புகளும் சிவப்பு விளக்கும் வாங்கி வைத்த வியாபாரிகளுக்கும், தம்பியின் காலேஜ் பீஸுக்குப் பணம் சேர்த்து அனுப்பிய அப்பாவின் பேட்ச் காவலர்களுக்கும், நாற்பதாம் நாள் வரை எங்கள் அடுப்பைப் பற்றவைக்க விடாத அன்பியத்து (பங்கில் பக்கத்து வீடுகள் சேர்ந்த ஜெபக் குழு) அக்காமாருக்கும் எங்கள் நன்றி.

கடைசியாக ஒன்று. அடக்கச் செலவுக்குக் கடன் தந்தவர்களில் இரண்டு பேர் இன்னும் பணத்தைத் திரும்ப வாங்கவில்லை. கேட்டால் பேச்சை மாற்றுகிறீர்கள். அம்மா கவரில் பெயர் எழுதி வைத்திருக்கிறார். தயவுசெய்து இந்த வாரம் வந்து வாங்கிக்கொள்ளுங்கள். இல்லையென்றால் தம்பி உங்கள் கடைக்கே வந்து, ஆட்கள் இருக்கும்போது கொடுப்பான்.

அன்புடன்,
ஏட்டையாவின் மகள்