மருந்தடித்த வயலில் நிற்கும் விரால்

வவுணதீவு,
மட்டக்களப்பு.

அன்பின் மச்சான்,

உன் கடிதம் கிடைத்தது. மூத்தவளுக்குக் கலியாணம் சரிவந்ததில் இங்கே எல்லாருக்கும் சந்தோசம். நாள் வைத்ததும் அறிவி. மனிசி இப்போதே சீலை பார்க்கத் தொடங்கிவிட்டாள். என் முழங்கால் பழையபடிதான்.

நீ எழுதிய ஒரு வரி மட்டும் உறுத்திக்கொண்டே கிடக்கிறது. "மருந்தடித்த வயலிலும் விரால் நிற்குது, பிறகென்ன பயம்?" என்று கேட்டிருந்தாய். நிற்கும்தான். செத்து மிதந்தால் ஊரே காணும், சண்டையும் வரும். நான் யோசிப்பது உயிரோடு நிற்கிற மீனைப் பற்றி.

ஜப்பானிய வயல்களில் மெடாக்கா என்றொரு சின்ன மீன் உண்டு. அதன் கருக்களை முதல் 12 நாள் மட்டும் அத்ரசின் களைநாசினி கலந்த தண்ணீரில் வைத்துவிட்டு, பிறகு நல்ல தண்ணீரில் வளர்த்தார்கள். 2019இல் வந்த ஆய்வு. அந்த மீன்கள் பெரிதாகி ஒழுங்காக இனம்பெருக்கின. பிள்ளைகளும் அப்படியே. பேரப்பிள்ளைகளின் முறை வந்தபோதுதான் முட்டைகள் சரியாகக் கருக்கட்டவில்லை. இதில் ஒரு கணக்கு இருக்கிறது, கவனி: மருந்துபட்ட கருவுக்குள்ளேயே அதன் பிள்ளைகளாகப் போகும் கலங்களும் இருக்கின்றன. ஆக, இரண்டு தலைமுறை ஒரே நேரத்தில் நனைகிறது. பேரப்பிள்ளைதான் மருந்தைக் கண்ணாலும் காணாதது. அதற்குத்தான் அடி விழுந்தது.

மரபணுவின் எழுத்து மாறுவதில்லையாம். எந்த மரபணு எப்போது வேலை செய்யவேண்டும் என்று சொல்லும் இரசாயன அடையாளங்கள் அதன்மேல் இருக்கின்றன. அவை குழம்பி, முட்டை வழியும் விந்து வழியும் கீழே இறங்குகின்றன. அமெரிக்காவில் உப்புநீரும் நன்னீரும் கலக்கும் இடங்களில் வாழும் ஒரு சிறு மீனிலும் பைஃபென்திரின் என்ற பூச்சிமருந்தால் இப்படியான மாற்றங்களைக் கண்டார்கள். அளவு எவ்வளவு தெரியுமா? லீற்றருக்கு 1 நானோகிராம். அதாவது 100 கோடி லீற்றர் தண்ணீருக்கு 1 கிராம். நம் ஆட்கள் மூடியில் ஊற்றும் அளவோடு இதை ஒப்பிட்டுப் பார்.

கெடுதி மட்டும்தான் இறங்கும் என்றும் இல்லை. அங்கே பயிர்நிலத்துக்குப் பக்கத்துக் குளங்களின் தவளைக் குஞ்சுகள், தூரத்துக் குளத்துக் குஞ்சுகளைவிடக் குளோர்பைரிபோஸ் என்ற பூச்சிமருந்தைக் கூடுதலாகத் தாங்குகின்றன. எனக்கு அது நல்ல செய்தியாகப் படவில்லை. தாங்கும் அளவுக்கு அவற்றின் முன்னோர் மருந்துக்குள் கிடந்திருக்கின்றன.

இங்கே போன கிழமை ஒரு பொடியன் ஸ்பிறேயரைக் கொண்டுவந்து வாய்க்காலிலேயே கழுவினான். தண்ணீர் பால்போல் வெளுத்தது; குஞ்சு மீன்கள் கொஞ்சம் கிறுகிறுத்துவிட்டு ஓடிவிட்டன. "பாருங்க சேர், ஒன்றும் ஆகல்ல" என்று சிரித்தான். அந்த வாய்க்கால் நேரே வாவிக்குத்தான் போகிறது. வாவி கடலோடு சேரும் முகத்துவாரம் மண்மூடிக் கிடக்கும் சிறுபோகக் காலத்தில் வந்ததெல்லாம் வாவிக்குள்ளேயே தங்கும். இறால் குஞ்சும் அதற்குள்தான் வளரவேண்டும்.

பயிரில் அறக்கொட்டிப் பூச்சி விழுந்தால் சும்மா பார்த்துக்கொண்டிரு என்று உனக்குச் சொல்ல எனக்கு யோக்கியதை இல்லை; கடன் உன் தலையில். அடித்தால், வரப்பில் தண்ணீர் வெளியேறும் வக்கடையைக் கட்டிச் சில நாளாவது தண்ணீரை வயலுக்குள்ளேயே நிறுத்து. ஸ்பிறேயர் கழுவும் தண்ணீரையும் வயலுக்குள்ளேயே ஊற்று. உங்கள் தம்பிலுவில் வயல் வட்டையில் நாலு பேர் உன் பேச்சைக் கேட்பார்கள், கூட்டத்தில் சொல்லிப்பார்.

அப்புறம், நீ இப்போது அடிக்கும் போத்தலின் லேபலைப் படமெடுத்து வாட்ஸ்அப்பில் அனுப்பு. உள்ளே என்ன இருக்கிறதென்று பார்த்து எழுதுகிறேன். தங்கச்சியையும் பிள்ளைகளையும் கேட்டதாகச் சொல்லு.

அன்புடன்,
உன் பழைய வாங்குக் கூட்டாளி