வேலையை விடப்போகும் வயலின் சாருக்கு

அன்புள்ள சேகர்,

உன் கடிதத்துக்கு உடனே பதில் எழுதவில்லை என்று கோபமா? இங்கே எல்லோரும் சுகம். அம்மாவின் முழங்கால் வலி மட்டும் அப்படியேதான் இருக்கிறது.

பள்ளிக்கூட வேலையை விட்டுவிடப் போகிறாய் என்று படித்ததிலிருந்து எனக்கு பாக் ஞாபகம்தான். விடுதியில் எங்களைத் தூங்கவிடாமல் நீ வாசித்துத் தீர்த்த அதே ஜெர்மன் இசையமைப்பாளர் பாக்.

1723-இல் ஜெர்மனியின் லைப்சிக் நகரத்துக்கு, தோமஸ் பள்ளியின் இசை ஆசிரியராகப் போனார். டெலிமான், கிராப்னர் என்ற இரண்டு இசையமைப்பாளர்கள் வராமல் போனதால் கிடைத்த இடம். தோமஸ் பள்ளிப் பையன்களுக்குப் பாட்டோடு லத்தீனும் சொல்லித்தர வேண்டும். அது பிடிக்காமல், காசு கொடுத்து சக ஆசிரியர் ஒருவரிடம் அந்த வகுப்பை ஒப்படைத்தார். இயேசுவின் பாடுகளைச் சொல்லும் ‘மத்தேயு பாஷன்’ என்ற பெரிய இசைப்படைப்பை எழுதிய மனிதரை, வகுப்பைக் கவனிப்பதில்லை என்று 1730 ஆகஸ்டில் நகர மன்றம் திட்டியது. வரும்படியில் கைவைக்கவும் பார்த்தது.

அதே மாதம் அவர் மன்றத்துக்கு ஒரு மனு கொடுத்தார். மொத்தம் 54 பையன்கள்: 17 பேர் தேறியவர்கள், 20 பேர் இனிமேல் தேறக்கூடியவர்கள், 17 பேருக்குப் பாட்டே வராது. பெயர் பெயராக எழுதியிருக்கிறார், சேகர்! பையன்களை அசட்டை செய்கிறவனுக்கு இது எப்படித் தெரியும்? ஒவ்வொரு குரலையும் காது கொடுத்துக் கேட்டிருந்தால்தானே முடியும்? எனக்கு அந்த மனுவின் மீது அப்படி ஒரு மரியாதை.

அப்புறம் அக்டோபரில், டான்சிக்கில் இருந்த பள்ளித்தோழர் எர்ட்மனுக்குக் கடிதம் போட்டார். மேலிடம் விசித்திரமானது, இசையில் அக்கறை இல்லாதது, ஊரில் விலைவாசி அதிகம், உன் பக்கம் ஏதாவது வேலை இருந்தால் பார் என்று. வருமானம் சுமார் 700 தாலர் (அந்தக் கால ஜெர்மன் காசு); அதில் சாவுக்குப் பாடி வருவதும் சேர்த்தி. போன வருஷம் ஊரில் நல்ல காற்று வீசி சாவு குறைந்ததில் 100 தாலருக்கு மேல் நஷ்டமாம். படித்ததும் சிரித்துவிட்டேன். ஒரு பெரிய குடும்பத்துக்குச் சோறு போட வேண்டியவர் எழுதியது என்று உறைத்தபோது சிரிப்பு போய்விட்டது.

வேறு வேலை அமையவில்லை. 1736-இல் பாடகர் குழுவுக்கு மாணவர் தலைவனை யார் நியமிப்பது என்று தலைமையாசிரியர் எர்னஸ்டியோடு பெரிய சண்டை. 1750-இல் இறக்கும்வரை அதே பதவிதான்.

நீயும் அப்படி இருந்தே ஆக வேண்டும் என்று சொல்லமாட்டேன். நிர்வாகம் உன்னை நடத்துகிற விதம் எனக்கும் பொறுக்கவில்லை. ஆனால் ஒற்றை வரி ராஜினாமா மட்டும் கொடுக்காதே. எந்தப் பிள்ளை தேறியிருக்கிறது, எதற்கு இன்னும் ஒரு வருஷம் வேண்டும், வாத்தியம் எத்தனை குறைகிறது, எல்லாவற்றையும் உட்கார்ந்து எழுது. உனக்கு அடுத்து வருகிறவருக்காவது அது வேண்டும். எழுதியதும் எனக்கு ஒரு பிரதி அனுப்பு, போனில் பேசுவோம்.

அன்புடன்,
ரவி