கீழ்மலைக்கு மோட்டார் சைக்கிளில் வரும் குழுக்களுக்கு ஒரு திறந்த மடல்

அன்புள்ள நண்பர்களுக்கு,

வணக்கம். மதுரை, கோவை, திருச்சி எனப் பல ஊர்களிலிருந்தும் ஞாயிற்றுக்கிழமை விடிவதற்குள் வரிசை கட்டிக் கிளம்பிப் பழனி மலைத்தொடருக்கு வருகிற உங்களுக்கு இதை எழுதுகிறேன். நானும் மோட்டார் சைக்கிள் ஓட்டுகிறவள்தான். திண்டுக்கல்லிலிருந்து தனியாகக் கிளம்பி, மலைமேல் இருக்கிற சிற்றூர்கள் வழியாகச் சுற்றி வருவது என் நெடுநாள் வழக்கம். வளைவில் வண்டியைச் சாய்த்துத் திருப்புகிற மகிழ்ச்சி எனக்கும் தெரியும். அந்த மகிழ்ச்சியை விட்டுவிடச் சொல்லவில்லை. அந்த மலைத்தொடரின் தாழ்ந்த பகுதியான கீழ்மலைக்குள் நுழையும் முன் கூட்டத்தைக் கலைத்துவிடுங்கள், சத்தத்தை அடிவாரத்திலேயே விட்டுவிட்டு வாருங்கள் என்று கேட்கிறேன்.

இதை இப்போது கேட்பதற்குக் காரணம் உண்டு. சென்னை உயர் நீதிமன்ற உத்தரவின்படி 2024 மே 7 முதல் கொடைக்கானலுக்கு இ-பாஸ் என்கிற இணையவழி அனுமதிச்சீட்டு கட்டாயமானது. 2025 கோடையில் வார நாட்களில் நாளொன்றுக்கு 4,000 வாகனங்கள், வார இறுதியில் 6,000 வாகனங்கள் என்று வரம்பும் வந்தது. அதன் பிறகு, கூட்டமில்லாத மலைப்பாதை தேடுகிறவர்களின் பேச்சில் தாண்டிக்குடி, பாச்சலூர், பெரும்பாறை என்ற கீழ்மலை ஊர்களின் பெயர்கள் அடிக்கடி அடிபடுகின்றன. கொடைக்கானல் ஏரிக்கரைச் சாலை தாங்குகிற கூட்டத்தை இந்த ஊர்களின் சாலைகள் தாங்காது.

பாதை உங்களுக்குத் தெரிந்திருக்கும். ஒட்டன்சத்திரத்திலிருந்து வடகாடு, பரப்பலாறு அணை தாண்டிப் பாச்சலூருக்கு ஏறலாம். திண்டுக்கல் பக்கம் என்றால் சித்தையன்கோட்டை, அய்யம்பாளையம், சித்தரேவு வழியாகப் பெரும்பாறை, தடியன்குடிசை, தாண்டிக்குடி, பண்ணைக்காடு. புளியமரமும் தென்னந்தோப்பும் பின்னால் போய், சில்வர் ஓக் மரங்களில் மிளகுக்கொடி ஏறியிருக்கும் நிழலுக்குள் வண்டி நுழைகிறபோது காற்றே மாறிவிடும். கீழே காப்பிச் செடிகள், இடையிடையே வாழை, எலுமிச்சை, சௌசௌ பந்தல்.

அந்த வாழையைக் கொஞ்சம் நின்று பாருங்கள். பழனி பஞ்சாமிர்தத்துக்குப் பேர் வாங்கித் தந்த விருப்பாட்சி மலைவாழை அதுதான். பஞ்சாமிர்தத்துக்கு 2019இல் புவிசார் குறியீடு கிடைத்தது. மலைவாழைக்கு அதற்கும் முன்பே கிடைத்துவிட்டது. குறியீடு வந்தாலும் தோட்டம் சுருங்கிக்கொண்டே வந்திருக்கிறது. முடிக்கொத்து நோய் என்கிற நச்சுயிரி நோய் அசுவினிப் பூச்சி வழியாகப் பரவி, மலைச்சரிவுகளில் பெரும் பரப்பை அழித்தது. நோய் கண்ட மரத்தின் இலைகள் குட்டையாகி, உச்சியில் கொத்தாக நெருங்கி நின்றுவிடும், தார் தள்ளாது. வேரோடு பிடுங்கி அழிப்பதைத் தவிர வேறு வழியில்லை. இவ்வளவுக்கும் பிறகும் மலைவாழையை விடாமல் வைத்திருக்கிறவர்கள்தான் ஜீப்பில் தார் ஏற்றிக்கொண்டு அந்தச் சாலையில் இறங்கி வருகிறார்கள். உங்கள் வரிசை முழுதும் கடந்து போகட்டும் என்று வளைவோரம் ஒதுங்கி நிற்கிறவர்களும் அவர்களே. சந்தைக்கும் மருத்துவமனைக்கும் பள்ளிக்கும் அவர்களுக்கு இருக்கிற சாலை அது ஒன்றுதான்.

இனி சத்தம். மலைச்சாலையில் பாதிப் பார்வை காதில் இருக்கிறது. கொண்டை ஊசி வளைவுக்கு அந்தப் பக்கம் என்ன வருகிறது என்று கண்ணுக்குத் தெரியாது. அரசுப் பேருந்து ஓட்டுநர் வளைவை நெருங்கும் முன்பே நீளமாக ஹாரன் அடிப்பார். அதைக் கேட்டதும் எதிரே வரும் ஜீப் அகலமான இடம் பார்த்து நின்றுவிடும். தலையில் விறகுக்கட்டோடு வருகிற பெண்கள் மண்மேட்டில் ஏறிக்கொள்வார்கள். அங்கே சிக்னல் விளக்கும் கிடையாது, போலீஸ்காரரும் கிடையாது. இந்தக் கேட்டல்தான் விபத்தைத் தடுத்துக்கொண்டிருக்கிறது. மாற்றிய சைலன்சரோடு ஒரு பெரிய குழு ஏறும்போது மலைமடிப்பு முழுக்க அந்த அதிர்வு நிறைந்து, எந்தப் பக்கம் எது வருகிறது என்று யாருக்கும் தெரியாமல் போகிறது. பேருந்தின் ஹாரனை உங்கள் குழுவில் கடைசியாக வருகிறவரும் கேட்டிருக்க மாட்டார்.

யானை நடமாட்டம் உள்ள மலை இது. வாழையும் பலாவும் பழுக்கிற பருவத்தில் தோட்டக்காரர்கள் இரவெல்லாம் கண்விழித்துக் காவல் இருக்கிறார்கள். இருட்டில் அவர்களுக்கு உதவுவதும் காதுதான். வாழைமரம் முறிகிற ஓசை கேட்டால் டார்ச் எடுப்பார்கள், அடுத்த தோட்டத்துக்குக் குரல் கொடுப்பார்கள். சூரிய உதயம் பார்க்க வேண்டும் என்று நீங்கள் நாலு மணிக்கு மலை ஏறுகிற நேரம், யானைகள் தோட்டத்திலிருந்து காட்டுக்குத் திரும்புகிற நேரம். மனிதக் காதுக்கு எட்டாத தாழ்ந்த ஒலிகளில் ஒன்றோடொன்று பேசிக்கொள்ளும் விலங்கு அது. இருட்டில் அப்படி ஓர் இரைச்சல் நெருங்கினால் எந்தப் பக்கம் ஓடும் என்று யாரால் சொல்ல முடியும்? மிரண்ட யானை திரும்புகிற பக்கம் ஒரு குடியிருப்பு இருக்கலாம். நீங்கள் அதற்குள் அடுத்த மலைக்குப் போய்விட்டிருப்பீர்கள்.

சட்டமும் இதில் தெளிவாகவே இருக்கிறது. 2019 திருத்தத்துக்குப் பிறகு மோட்டார் வாகனச் சட்டத்தின் 190(2) பிரிவின்படி, இரைச்சல் வரம்பை மீறும் வண்டியை ஓட்டினால் முதல் முறையே 10,000 ரூபாய் வரை அபராதமோ மூன்று மாதம் வரை சிறையோ இரண்டுமோ விதிக்கலாம். மூன்று மாதங்களுக்கு ஓட்டுநர் உரிமமும் தகுதியிழக்கும். ஆனால் அபராதத்துக்குப் பயந்து அல்ல, வாழைக் காவலில் இருக்கிறவரை நினைத்து நீங்கள் சைலன்சரை மாற்ற வேண்டும் என்றே விரும்புகிறேன்.

கூட்டத்தைக் கலைத்துவிட்டு இரண்டிரண்டு பேராக, முடிந்தால் தனியாக வந்து பாருங்கள். தனியாக வருகிறவரோடு ஊர் பேசும். மங்களங்கொம்புப் பக்கம் ஒரு டீக்கடையில் நான் ஹெல்மெட்டைக் கழற்றி வைத்ததும் கடைக்கார ஆத்தா கேட்ட முதல் கேள்வி, "ஒத்தையிலா வந்தாய், தாயி?" என்பதுதான். அடுத்த கேள்வி சாப்பாடு பற்றி. அதற்குப் பிறகு காப்பிப் பழம் என்ன விலைக்குப் போகிறது, எந்த வளைவில் மண் சரிந்து கிடக்கிறது, காட்டுமாடு எந்த ஓடையில் இறங்குகிறது எல்லாம் தானாக வந்தது. தாண்டிக்குடியில் பெருங்கற்கால மக்கள் எழுப்பிய ஈமச்சின்னங்களான கற்திட்டைகள் இருக்கிற இடத்துக்கு வழி சொன்னவரும் அப்படி ஒரு டீக்கடையில் பக்கத்தில் உட்கார்ந்திருந்தவர்தான். பதினைந்து வண்டிகள் ஒரே நேரத்தில் ஒரு சிறிய கடைமுன் நின்றால் அந்தக் கடைக்குப் பால் போதாது. வழக்கமாக உட்கார்கிற தோட்டத் தொழிலாளர்கள் எழுந்து போய்விடுவார்கள். நீங்களும் உங்களுக்குள்ளேயே பேசிவிட்டுக் கிளம்பிவிடுவீர்கள்.

இறங்கும்போது ஒரு விதியை நினைவில் வையுங்கள். சாலை குறுகலாக இருக்கிற இடத்தில், ஏறி வருகிற வண்டிக்கு இறங்குகிற வண்டிதான் வழிவிட வேண்டும். 2017ஆம் ஆண்டு வெளியான ஓட்டுநர் ஒழுங்குமுறைகளிலேயே இது இருக்கிறது. மூட்டை ஏற்றிய ஜீப் பாதி ஏற்றத்தில் நின்றுவிட்டால் மறுபடி கிளப்புவது எவ்வளவு பாடு என்று பார்த்தவர்களுக்கு இந்த விதியின் நியாயம் புரியும். தொடர்ந்து பிரேக்கை அழுத்திக்கொண்டே இறங்காமல், தாழ்ந்த கியரில் எஞ்சினையே வேகத்தைப் பிடிக்க விடுங்கள்.

படம் எடுப்பது பற்றியும் சொல்லியாக வேண்டும். காப்பிப் பழம் பறிக்கிற பெண்களைக் கேட்காமல் எடுக்காதீர்கள். கேட்டால் பெரும்பாலும் சிரித்துக்கொண்டே நிற்பார்கள். பெரும்பாறைக்குப் பக்கத்தில் புல்லாவெளி அருவியில் 2022இல் படத்துக்காகப் பாறை விளிம்பில் நின்ற இளைஞர் வழுக்கி விழுந்ததைக் கைபேசியில் நாம் எல்லோரும் பார்த்தோம். அருவிப் பக்கம் இருக்கிற வேலியைத் தாண்டாதீர்கள்.

இந்த மலைக்கு மழை அதிகம் தருவது வடகிழக்குப் பருவமழை. அதே மாதங்களில்தான் காப்பி அறுவடையும் தொடங்கும். ஈரச் சாலை, மண்சரிவு, பனிமூட்டம், ஜீப் நிறைய ஆட்கள் எல்லாம் ஒன்றாகச் சேர்கிற காலம் அது. அப்போது வருகிறவர்கள் பெட்ரோலை அடிவாரத்திலேயே நிரப்பிக்கொண்டு, வெளிச்சம் வந்த பிறகு ஏறி, வெளிச்சம் இருக்கும்போதே இறங்கிவிடுங்கள். மதிய உணவை மூட்டை கட்டி வராமல் பண்ணைக்காட்டிலோ தாண்டிக்குடியிலோ சாப்பிடுங்கள். மிளகும் காப்பித்தூளும் அங்கேயே வாங்குங்கள்.

குழுக்களை நடத்துகிறவர்களிடம் தனியாக ஒன்று கேட்கிறேன். அடுத்த பயணத்துக்கு அறிவிப்பு எழுதும்போது, மாற்றிய சைலன்சர் பொருத்திய வண்டிக்கு இடமில்லை என்றும், அடிவாரத்திலிருந்து இரண்டிரண்டு வண்டிகளாக இடைவெளி விட்டுத்தான் ஏற வேண்டும் என்றும் இரண்டு வரி சேர்த்துவிடுங்கள். உங்கள் சொல்லைக் கேட்டு வருகிறவர்கள் அவர்கள். நான் சொல்வதைவிட நீங்கள் சொன்னால் கேட்பார்கள்.

அன்புடன்,
திண்டுக்கல்லிலிருந்து உங்கள் சக பயணி