எந்தப் பக்கம் என்று கேட்டாயே

சிங்கப்பூர்

அன்புள்ள சேகர்,

கடிதமும் பேத்தியின் படமும் கிடைத்தன. மூக்கு அச்சு அசல் உன்னுடையது, பாவம் பிள்ளை. இங்கே எல்லோரும் நலம். இளையவன் ரிசர்விஸ்ட் (சேமப்படை) பயிற்சிக்குப் போயிருக்கிறான்; பூட்ஸுக்குப் பாலிஷ் போட்டுக் கொடுத்தது நான்தான்.

நீங்களெல்லாம் அமெரிக்கா பக்கமா, சீனா பக்கமா என்று கேட்டிருக்கிறாய். இந்த வட்டாரத்தில் எந்த நாட்டுக்கும் முதல் பயம் பக்கத்து நாட்டைப் பற்றித்தான், வல்லரசெல்லாம் அப்புறம். கம்போடியாவைப் பார். சீனாவின் செல்லப்பிள்ளை என்று பேர். ஆனால் 2022 மார்ச்சில், உக்ரைன் படையெடுப்பைக் கண்டித்த ஐ.நா. தீர்மானத்தை முன்மொழிந்த நாடுகளில் அதுவும் ஒன்று! இந்தியாவும் வியட்நாமும் வாக்களிக்காமல் ஒதுங்கிக்கொண்டன. தாய்லாந்துக்கும் வியட்நாமுக்கும் நடுவில் மாட்டிக்கொண்ட நாட்டுக்கு எல்லைக்கோடு உயிர்ப் பிரச்சினை. தாய்லாந்து எல்லையில் இருக்கிற பிரியா விகார் கோயில் கம்போடியாவுக்கே சொந்தம் என்று 1962-இல் ஹேக்கில் உள்ள சர்வதேச நீதிமன்றம் தீர்ப்புச் சொன்னது. 2025-இல் எல்லையில் பீரங்கிச் சண்டை மூண்டபோதும் ஹேக்குக்கே போவோம் என்றது கம்போடியா. நமக்குள் பேசிக்கொள்வோம் என்றது தாய்லாந்து.

தென்சீனக் கடல் விஷயத்தில் பிலிப்பைன்ஸிடம் சீனா சொல்வதும் இதே வசனம்தான். 2016-இல் நடுவர் மன்றம் பிலிப்பைன்ஸுக்குச் சாதகமாகச் சொன்ன தீர்ப்பைச் சீனா ஏற்கவே இல்லை. தன்னைவிடச் சின்ன நாட்டோடு தகராறு என்றால் யாருக்கும் சட்டப்புத்தகம் ஞாபகம் வருவதில்லை.

எங்கள் ஆட்களும் லேசுப்பட்டவர்கள் இல்லை. 1978 டிசம்பர் கடைசியில் வியட்நாம் கம்போடியாவுக்குள் புகுந்து, 1979 ஜனவரியில் அங்கே ஆண்ட கொடுங்கோலன் போல் பாட்டை விரட்டியது. அப்போது சிங்கப்பூர் வெளியுறவு அமைச்சர், யாழ்ப்பாணத்தில் பிறந்த நம்மாள் ராஜரத்தினம். படையெடுத்து வந்தவன் உட்காரவைத்த அரசை ஏற்றுக்கொண்டால் நாளை நமக்கும் இதே கதிதான் என்பது சிங்கப்பூரின் வாதம். அதற்காக, லட்சக்கணக்கானோரின் சாவுக்குக் காரணமான போல் பாட்டின் கெமர் ரூஜ் இயக்கத்துக்கே ஐ.நா.வில் கம்போடியாவின் நாற்காலியைக் காப்பாற்றிக் கொடுத்தது, சிங்கப்பூரும் சேர்ந்த தென்கிழக்காசிய நாடுகளின் கூட்டமைப்பான ஆசியான். வாதம் புரிகிறது, அந்த நாற்காலிதான் எனக்கு இன்றும் ஜீரணமாகவில்லை. ஆனால் 1983-இல் அமெரிக்கா கிரெனடாவில் படையிறக்கியபோது, வேண்டப்பட்ட நாடென்றும் பார்க்காமல் சிங்கப்பூர் ஐ.நா.வில் அதற்கு எதிராக வாக்களித்தது. அதை மெச்சத்தான் வேண்டும்.

சரி, நீ ராமநாதபுரத்துக்காரன். கச்சத்தீவுப் பேச்சு வந்தால், இலங்கையை ஹேக்குக்கு வா என்பாயா, டெல்லியும் கொழும்பும் பேசிக்கொள்ளட்டும் என்பாயா? யோசித்து எழுது. தங்கச்சியை நான் விசாரித்ததாகச் சொல்.

உன்,
மணி