திரையில் ஒன்று, செல்போனில் ஒன்று: அமெரிக்கச் செய்திச் சேனல் ஆசிரியர்களுக்கு ஒரு திறந்த மடல்

ஃபாக்ஸ் நியூஸ், சிஎன்என், எம்எஸ் நவ் (அதாவது பழைய எம்எஸ்என்பிசி), இன்னும் இந்த வரிசையில் வரும் எல்லாச் சேனல்களிலும் பிரைம் டைமில் எது போகலாம், எது போகக்கூடாது என்று முடிவெடுக்கும் ஆசிரியர்களுக்கு,

வணக்கம். நீங்கள் ஒரு கட்சிப் பக்கம் சாய்கிறீர்கள் என்று சொல்வதற்காக இதை எழுதவில்லை. அது ஊருக்கே தெரிந்த விஷயம், அதில் எனக்குப் பெரிய கோபமும் கிடையாது. 19ஆம் நூற்றாண்டில் இந்த நாட்டுப் பத்திரிகைகளில் பல கட்சிப் பத்திரிகைகள்தான், பெயரிலேயே கட்சியை வைத்துக்கொண்டு விற்றார்கள், வாங்குகிறவருக்கும் என்ன வாங்குகிறோம் என்று தெரிந்திருந்தது. என் புகார் வேறு. செய்தி அறைக்குள் உங்களுக்கு உண்மை தெரிகிறது. தெரிந்த பிறகும், சொன்னால் நேயர் கோபித்துக்கொண்டு பக்கத்துச் சேனலுக்குப் போய்விடுவாரே என்று பேசாமல் இருந்துவிடுகிறீர்கள்.

ஜனாதிபதித் தேர்தல் நடந்த 2020 நவம்பர் 3 இரவை எடுத்துக்கொள்வோம். கிழக்குக் கடற்கரை நேரம் 11.20-க்கு, அரிசோனா மாநிலத்தை பைடன் வென்றுவிட்டார் என்று வேறு யாருக்கும் முன்னால் ஃபாக்ஸ் அறிவித்தது. கணக்குப் போடும் குழு கணக்கை மட்டும் பார்த்துச் சொன்ன முடிவு அது. அவசரப்பட்டார்களா என்று நிபுணர்கள் இன்றும் சண்டை போடலாம், ஏனென்றால் கடைசி வித்தியாசம் வெறும் 10,457 ஓட்டுதான், ஆனால் முடிவு சரியாகவே இருந்தது. அதற்கு அந்தக் குழுவுக்குக் கிடைத்த மரியாதை என்ன? டிரம்பை ஆதரிக்கும் ஃபாக்ஸின் நேயர்கள் கொதித்துப்போய் போட்டிச் சேனலான நியூஸ்மேக்ஸ் பக்கம் போக ஆரம்பித்தார்கள், அரசியல் ஆசிரியராக இருந்து அந்த முடிவை வெளிப்படையாக ஆதரித்துப் பேசிய கிறிஸ் ஸ்டையர்வால்ட் 2021 ஜனவரியில் வேலையை இழந்தார். நிறுவனம் அதற்கு மறுசீரமைப்பு என்று பெயர் வைத்தது. சரி, வைத்துக்கொள்ளட்டும்.

அப்புறம் நடந்ததுதான் முக்கியம். டொமினியன் நிறுவனத்தின் வாக்கு இயந்திரங்கள் ஓட்டுகளை மாற்றிவிட்டன என்ற கதை வாரக்கணக்கில் ஃபாக்ஸ் திரையில் ஓடியது. டொமினியன் 160 கோடி டாலர் கேட்டு டெலவேர் நீதிமன்றத்தில் அவதூறு வழக்குப் போட்டது, அதில்தான் ஃபாக்ஸ்காரர்கள் தங்களுக்குள் அனுப்பிக்கொண்ட குறுஞ்செய்திகளெல்லாம் வெளியே வந்தன. டிரம்ப் தரப்புக்காகத் திரையில் வந்து இந்தக் கதையைச் சொன்ன வழக்கறிஞர் சிட்னி பவல் பொய் சொல்கிறார் என்று டக்கர் கார்ல்சன் சக தொகுப்பாளர் லாரா இங்க்ரமுக்கு எழுதுகிறார். பவல் ஒரு முழுப் பைத்தியம் என்கிற மாதிரி இங்க்ரம் பதில் போடுகிறார். டொமினியன் பற்றிய டிரம்பின் ட்வீட்டை அதே சேனலின் செய்தியாளர் ஜாக்கி ஹைன்ரிக் சரிபார்த்து மறுத்து எழுதியதும் கார்ல்சனுக்கு வந்த கோபத்தைப் பாருங்கள்: அந்தப் பெண்ணை வேலையை விட்டுத் தூக்குங்கள், இது கம்பெனிக்கு நஷ்டம், பங்கு விலை இறங்குகிறது. ஒரு செய்தியாளர் செய்தியாளர் வேலையைச் செய்ததற்கு! நியாயமாகச் சொல்ல வேண்டும், கார்ல்சன் ஒருநாள் திரையிலேயே பவலிடம் ஆதாரம் கேட்டும் வரவில்லை என்று சொன்னார். அதற்கே அவருடைய நேயர்கள் அவர் மேல் பாய்ந்தார்கள். இதே கதையைப் பரப்பிய தலையணை வியாபாரி மைக் லிண்டலின் விளம்பரத்தை ஏன் தொடர்ந்து வாங்குகிறீர்கள் என்ற பேச்சு வாக்குமூலத்தில் வந்தபோது, இது சிவப்பும் இல்லை, நீலமும் இல்லை, பச்சை என்று வழக்கறிஞர் சொன்னதை ஃபாக்ஸின் முதலாளி ரூபர்ட் மர்டாக் ஆமோதித்தார். சிவப்பு குடியரசுக் கட்சி, நீலம் ஜனநாயகக் கட்சி, பச்சை என்றால் டாலர். இதைவிட நேர்மையான ஊடக விமர்சனத்தை நான் படித்ததில்லை.

டொமினியன் பற்றிச் சொன்னவற்றில் எதுவும் உண்மை இல்லை என்பது தெள்ளத்தெளிவு என்று 2023 மார்ச்சில் நீதிபதி எரிக் டேவிஸ் எழுதினார். ஏப்ரல் 18 அன்று, விசாரணை தொடங்க வேண்டிய நேரத்தில், 78 கோடியே 75 லட்சம் டாலருக்கு வழக்கு சமரசத்தில் முடிந்தது. பணம் கொடுத்தார்கள். திரையில் மன்னிப்பு? கிடையாது. சில கூற்றுகள் பொய் என்ற நீதிமன்ற முடிவை ஏற்கிறோம் என்று ஒரு அறிக்கை, அவ்வளவுதான். 2020-இல் அந்தக் கதையை உட்கார்ந்து கேட்ட மனிதருக்கு, அதே நேரத்தில், அதே முகம் வந்து தப்பு என்று சொல்லவே இல்லை. அவரைப் பொறுத்தவரை இயந்திரம் இன்றைக்கும் ஓட்டைத் திருடிக்கொண்டுதான் இருக்கிறது. எனக்கு ஆறாத விஷயம் இது.

மற்றச் சேனல்காரர்கள் இந்த இடத்தில் கை தட்ட வேண்டாம். 2024 பிப்ரவரியில் பைடன் ரகசிய ஆவணங்களை வைத்திருந்ததை விசாரித்த சிறப்பு வழக்கறிஞர் ராபர்ட் ஹர் தன் அறிக்கையில் பைடனின் நினைவாற்றல் மோசம் என்று எழுதியபோது, ஹர் எந்தக் கட்சிக்காரர் என்பதில் காட்டிய ஆர்வத்தைப் பைடனுக்கு உண்மையில் எப்படி இருக்கிறது என்பதில் எத்தனை பேர் காட்டினீர்கள்? மார்ச்சில் எம்எஸ்என்பிசியின் தொகுப்பாளர் ஜோ ஸ்கார்பரோ, இதுவரை பார்த்ததிலேயே சிறந்த பைடன் இவர்தான் என்று அடித்துச் சொன்னார். ஜூன் 27 அன்று அட்லாண்டா விவாத மேடையில் பைடன் தடுமாறியதை நாடே நேரில் பார்த்தது. மறுநாள் காலை அதே ஸ்கார்பரோ, இவர் போட்டியிலிருந்து விலக வேண்டாமா என்று கேட்டார். ஜூலை 21-இல் பைடன் விலகினார். இரண்டும் ஒரே எடை என்று நான் சொல்லவில்லை, நடந்த தேர்தலையே பொய் என்பதும் ஒரு முதியவரின் தளர்ச்சியைப் பார்க்காத மாதிரி இருப்பதும் ஒன்றாகாது. ஆனால் பயம் ஒரே பயம், சொந்த நேயரின் முகச்சுளிப்பு மேல் இருக்கும் பயம்.

பயத்துக்குக் காரணம் உங்கள் வருமானத்திலேயே இருக்கிறது. விளம்பரம் ஒரு பக்கம் இருக்கட்டும். என் கேபிள் பில்லில் நான் பார்க்காத செய்திச் சேனல்களுக்கும் மாதாமாதம் பணம் போகிறது, எல்லார் வீட்டிலும் அப்படித்தான். அந்தத் தொகையைக் கேபிள் கம்பெனியிடம் பேரம் பேசி உயர்த்த வேண்டுமானால், சேனலைத் தூக்கினால் சண்டைக்கு வருகிற ரசிகர் கூட்டம் வேண்டும். மேலோட்டமாகப் பார்க்கிற ஒரு கோடிப் பேரைவிடக் கொதிக்கிற முப்பது லட்சம் பேர் உங்களுக்கு லாபம். கொதிப்பை ஆறவிட முடியுமா? எதிர்த்தரப்புக் கருத்துக்கும் இடம் கொடு என்று சொன்ன, 1987-இல் நீக்கப்பட்ட நியாயச் சமநிலை விதியைத் திரும்பக் கொண்டுவா என்று சிலர் சொல்கிறார்கள், அது வானொலி, வான்வழித் தொலைக்காட்சி உரிமத்துக்கான விதி, கேபிளுக்கு வராது. அந்தப் பக்கம் தேட வேண்டாம். டிரம்ப் போட்ட வழக்குகளுக்கு ஏபிசி 1.5 கோடி டாலரும், சிபிஎஸ் சேனலின் தாய் நிறுவனமான பாரமவுண்ட் 1.6 கோடி டாலரும் கொடுத்துச் சமரசமான பிறகு, அரசு தலையிட்டு நியாயம் பார்க்கட்டும் என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை.

கேலப் நிறுவனம் 2025-இல் எடுத்த கருத்துக்கணிப்பில், செய்தி ஊடகத்தை நம்புகிறோம் என்றவர்கள் 28 சதவீதம். குடியரசுக் கட்சியினரில் அது 8. எழுபதுகளில் பத்தில் ஏழு பேர் நம்பிய தொழில் இது.

2026 நவம்பர் 3 இடைக்காலத் தேர்தல். அதற்குள் செய்யக்கூடிய இரண்டே விஷயங்களைக் கேட்கிறேன். ஒன்று, பொய் எந்த மணி நேரத்தில் யார் வாயிலிருந்து போனதோ, திருத்தமும் அதே மணி நேரத்தில் அதே வாயிலிருந்து வர வேண்டும் என்று தொகுப்பாளர்களின் ஒப்பந்தத்திலேயே எழுதுங்கள். இணையதளத்தின் அடியில் ஒரு வரி போடுவது கணக்கில் வராது. வக்கீல்கள் ஒத்துக்கொள்ள மாட்டார்கள் என்பீர்கள். 78 கோடி கட்டியபோது எந்த வக்கீல் காப்பாற்றினார்?

இரண்டு, ஓட்டு எண்ணுகிற முறையை முடிவு வருவதற்கு முன்பே சொல்லுங்கள். பென்சில்வேனியாவில் தேர்தல் நாள் காலை 7 மணிக்கு முன் தபால் ஓட்டு உறையைப் பிரிக்கவே சட்டம் விடாது. அரிசோனாவில் தேர்தல் அன்று கொண்டுவந்து போடுகிற உறைகளில் கையெழுத்தைச் சரிபார்த்து முடிக்க நாட்கள் ஆகும். நள்ளிரவில் முன்னிலை மாறுவது இதனால்தான், உங்கள் கணக்குக் குழுவுக்கு இது மனப்பாடம். எட்டுப் பேரை உட்கார வைத்துக் கத்தவிடும் நேரத்தில் ஒரு நிமிடம் எடுத்து, முதல் எண் திரையில் வருவதற்கு முன், இரவு 8 மணிக்கே அந்தக் குழுவில் ஒருவரை உட்கார வைத்து இதைச் சொல்ல வையுங்கள். 10 மணிக்கு மறுபடியும் சொல்லட்டும். தோற்கிற பக்கம் உங்கள் நேயர்கள் பக்கமாக இருந்தால் 11 மணிக்கு இன்னொரு தடவை.

இப்படிக்கு,
கேபிள் பில் கட்டும் ஒரு வாக்காளர்